ஆஸ்திரேலிய பி.ஆர்.: ஏஜென்ட்டைத் தேடும் முன் பீரோவைத் திறங்கள்

“அண்ணா, பி.ஆர்.க்கு நல்ல ஏஜென்ட் யாராவது தெரியுமா?” ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியான பி.ஆர். பற்றி மாதத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். நானும் சலிக்காமல் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறேன்: “தம்பி, பாஸ்போர்ட்டில் உன் பெயர் எப்படி இருக்கு? டிகிரி சர்டிபிகேட்டில் எப்படி இருக்கு? ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு.” பாதிப் பேர் அதற்கப்புறம் பேசுவதில்லை. மீதிப் பேருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் இங்கே சொல்லப்போவது வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் பாயின்ட் முறையில் கிடைக்கும் விசாக்களைப் பற்றி. மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 189 என்பது யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நாமே வாங்கும் நிரந்தர விசா. 190 ஒரு மாநில அரசு நம்மை நாமினேட் செய்து கிடைப்பது, அதுவும் நிரந்தரம். 491 ஐந்து வருடத் தற்காலிக விசா. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில் குடியிருந்து வேலை பார்த்து, மூன்று வருட வரிக் கணக்கைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம். ‘ரீஜனல்’ என்றதும் பொட்டல்காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெர்த்தும் அடிலெய்டும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. மூன்றுக்குமே கையில் வேலை இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு வரும் நாளில் 45 வயது ஆகியிருக்கக் கூடாது. கம்பெனி ஸ்பான்சர் செய்யும் 482 விசா வேறு கதை, அதை இங்கே தொடவில்லை.

முதலில் பெயர்

நம் ஊர் ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எஸ். முத்துக்குமார்’. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் முத்துக்குமார், சர்நேம் செல்வராஜ். பி.எஃப். கணக்கில் ‘முத்துகுமார் எஸ்’. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு இடத்தில் ‘டி.ஹெச்.’, இன்னொரு இடத்தில் வெறும் ‘டி’. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். கான்பெராவில் உட்கார்ந்து ஃபைலைப் பார்க்கும் அதிகாரிக்கு நான்கு ஆட்கள்.

அதனால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, பீரோவில் இருக்கும் காகிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்புங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு காகிதத்தின் பெயரையும் எழுதி, அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகிய மூன்றும் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று அப்படியே குறியுங்கள். எழுத்து மாறாமல். இந்தத் தாள்தான் அடுத்த ஒன்றரை வருடத்துக்கு உங்களுக்கு வழிகாட்டி.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், எதையும் தொடங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட் சேவா மூலம் பெயரைப் பிரித்துப் புதிதாக வாங்கிவிடுவது நல்லது. காலியாக இருந்தாலும் விசா கிடைக்கும். ஒற்றைப் பெயரை ஃபேமிலி நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேமை வெறுமையாக விடச் சொல்வார்கள். ஆனால் ஆஸ்திரேலியா வந்தபின் பேங்க், லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் அதே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வழியில் பெயரை மாற்றுவது அதைவிட மோசம். இங்கிலீஷ் டெஸ்ட் ஒரு பெயரில், படிப்பையும் வேலையையும் மதிப்பிடும் ஸ்கில் அசெஸ்மென்ட் இன்னொரு பெயரில் என்று சிக்கிக்கொள்வீர்கள்.

சர்டிபிகேட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிவான பெயர் என்பது மட்டும்தான் வித்தியாசம் என்றால் பெரிய பிரச்சினை இல்லை. ‘இரண்டும் ஒரே நபர்’ என்று ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் அடித்து, நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘வேறு பெயர்கள்’ என்ற கேள்விக்கு அந்த வடிவங்களை எல்லாம் மறைக்காமல் எழுதுங்கள். மனைவிக்கு, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் சர்டிபிகேட்டில் அப்பா இனிஷியலும் இருக்கும். அவருக்கும் இதே வேலை உண்டு. கல்யாணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாதவர்கள் இப்போதே செய்துவிடுங்கள். மண்டப ரசீதும் பத்திரிகையும் துணைச் சான்றுதான்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். சிலருக்கு அதில் பெயரே இருக்காது, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இந்தியாவிலேயே செய்துகொள்ளலாம், மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, தகுதி மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

எந்தத் தொழில், எந்தக் குறியீடு

ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. சாஃப்ட்வேர் இன்ஜினியர் 261313, டெவலப்பர் புரோகிராமர் 261312, மெக்கானிக்கல் இன்ஜினியர் 233512, சிவில் இன்ஜினியர் 233211, செஃப் 351311. உங்கள் விசிட்டிங் கார்டில் என்ன பதவி அச்சாகியிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. சென்னை ஐ.டி. கம்பெனிகளில் கோடு எழுதுபவரும் ‘அசோசியேட்’தான், டெஸ்டிங் செய்பவரும் ‘அசோசியேட்’தான். தினமும் என்ன வேலை செய்கிறீர்கள், அது எந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் வேலைகளோடு ஒத்துப்போகிறது என்பதுதான் கேள்வி. 189க்கான தொழில் பட்டியல் குறுகியது. அதில் இல்லாத பல தொழில்கள் 190, 491 பட்டியல்களில் இருக்கும்.

எண் முடிவானால், யார் உங்களை மதிப்பிடுவார்கள் என்பதும் முடிவாகிவிடும். கணினித் துறைக்கு ஏ.சி.எஸ்., பொறியாளர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, நர்ஸுகளுக்கு ஆன்மாக், ஆசிரியர்களுக்கு ஏ.ஐ.டி.எஸ்.எல்., வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு டி.ஆர்.ஏ., மற்ற பலவற்றுக்கு வெட்டாஸஸ். பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை: சி.டி.ஆர். என்ற அறிக்கையில் மூன்று புராஜெக்ட் கதைகளை எழுதச் சொல்வார்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதினால் மதிப்பில்லை; ‘நான் இந்தக் கணக்கைப் போட்டேன், இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன்’ என்று இருக்க வேண்டும். இன்டர்நெட்டில் காசுக்குக் கிடைக்கும் ரெடிமேட் அறிக்கையை வாங்கினால், காப்பி என்று கண்டுபிடித்து மறுபடி விண்ணப்பிக்கவே தடை போடுவார்கள்.

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் என்ற மலை

பலரும் மாதக்கணக்கில் நிற்கும் இடம் இதுதான். நம் கம்பெனிகள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ‘அன்னாரின் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’. அவ்வளவுதான். அசெஸ்மென்ட்டுக்கு அது பத்தாது. நீங்கள் என்ன வேலைகள் செய்தீர்கள் என்று வரி வரியாக, முழுநேரமா பகுதிநேரமா, எந்த ஊரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று லெட்டர்ஹெட்டில், கையெழுத்துப் போட்டவரின் பதவியும் தொடர்பு விவரமும் சேர்ந்து வேண்டும்.

என் முதல் கம்பெனியில் ஹெச்.ஆரிடம் கேட்டபோது, “எங்க பாலிசியில் அது கிடையாது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று முறை மெயில் போட்டேன். மூன்றாவது மெயிலுக்குப் பதிலே இல்லை. அப்புறம்தான் இரண்டாவது வழி தெரிந்தது. கூட வேலை பார்த்த சீனியர் ஒருவர், உங்கள் வேலைகளை விவரித்து ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் தரலாம். உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்டால் செல்லாது. என் பழைய டீம் லீட் அதற்குள் வேறு கம்பெனியில் ஓ.எம்.ஆரில் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை வேளச்சேரியில் ஒரு நோட்டரி வாசலில் இரண்டு பேரும் காத்திருந்து, டீ குடித்து, கையெழுத்து வாங்கினோம். அவருடைய ஐ.டி. கார்டு நகலையும், நாங்கள் ஒரே டீமில் இருந்ததைக் காட்டும் பழைய மெயில் ஒன்றையும் சேர்த்து வைத்தேன். பழைய சீனியர்களோடு தொடர்பு விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே ஒரு ஹலோ சொல்லுங்கள். காரியம் ஆக வேண்டிய நாளில் திடீரென்று கூப்பிட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

அஃபிடவிட் தனியாக நிற்காது, சம்பளம் வந்ததற்கான ஆதாரம் கூட வேண்டும். பே ஸ்லிப் தொலைந்துபோனவர்கள் கவலைப்பட வேண்டாம். வருமான வரித் தளத்தில் பழைய வருடங்களின் 26 ஏ.எஸ். படிவம் கிடைக்கும், கம்பெனி பெயரோடு வரிப் பிடித்தம் அதில் இருக்கும். பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் கட்டிய தொகை இருக்கும். ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டும் சேர்ந்தால் இன்னும் பலம். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஏதாவது இரண்டு வகை ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். வேலை வாங்குவதற்காக ரெஸ்யூமில் இரண்டு வருடம் ‘ஏற்றி’ வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை விசா ஃபைலுக்குள் கொண்டுவராதீர்கள். பொய் ஆவணம் என்று முடிவானால் விசா நிராகரிப்போடு மூன்று வருடத் தடையும் சேர்ந்து வரும். கட்டிய பணம் திரும்பாது.

ஏ.சி.எஸ். முடிவு கைக்கு வரும்போது பலரும் அதிர்ச்சி அடைவார்கள். கணினிப் படிப்பும் வேலையும் நெருங்கிப் பொருந்தினால்கூடப் பொதுவாக இரண்டு வருட அனுபவத்தைக் கழித்துவிட்டு, ‘இந்தத் தேதிக்குப் பிறகுள்ளதுதான் திறன்சார்ந்த அனுபவம்’ என்று எழுதுவார்கள். படிப்பு பொருந்தாவிட்டால் இன்னும் அதிகம் போகும். ஒன்பது வருடம் வேலை பார்த்தவருக்கு ஏழு வருடம்தான் கணக்கு. பாயின்ட் கேட்கும்போது அந்த ஏழைத்தான் போட வேண்டும், ஒன்பதை அல்ல.

இங்கிலீஷும், கூடவே தமிழும்

ஐ.இ.எல்.டி.எஸ்., பி.டி.இ. இரண்டும் செல்லும், வீட்டிலிருந்து எழுதும் வகைகள் செல்லாது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நான்கு பிரிவிலும் 6 வாங்கினால் தகுதி மட்டும், பாயின்ட் பூஜ்யம். நான்கிலும் 7 என்றால் 10 பாயின்ட், நான்கிலும் 8 என்றால் 20. ஒரு பிரிவில் அரை மார்க் குறைந்தாலும் கீழே இறங்கிவிடுவீர்கள். பி.டி.இ.யில் முன்பு எல்லாப் பிரிவுக்கும் ஒரே மதிப்பெண் கேட்டார்கள். 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வுகளுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்துவிட்டார்கள், பேசுவதற்கும் எழுதுவதற்கும் கூடுதலாக. யூடியூபில் ‘எழுபத்தொன்பது வாங்கினால் போதும்’ என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்பிப் படிக்காதீர்கள்.

இன்னொரு 5 பாயின்ட் நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி அமைப்பு நடத்தும் சி.சி.எல். என்ற மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழும் உண்டு. ஆங்கிலம் பேசும் ஒருவரும் தமிழ் பேசும் ஒருவரும் உரையாடுவார்கள். நாம் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். மொத்தம் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொற்கள், ஒரு தடவையில் மொழிபெயர்க்க வேண்டிய துண்டு 35 சொற்களுக்கு மேல் போகாது. 90க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29ஆவது வேண்டும்.

‘தமிழ்தானே’ என்று அசால்ட்டாகப் போய்ப் பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். நாம் தினமும் பேசுவது ‘டாக்டர் பிரஸ்கிரிப்ஷன் குடுத்தாரு, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பண்ணணும்’ என்ற தமிழ். அங்கே மருந்துச் சீட்டு, காப்பீடு, வாடகை ஒப்பந்தம், முன்பணம், ஓய்வூதியம், ஜாமீன், சாட்சி என்று வார்த்தை வாயில் வர வேண்டும். மருத்துவமனை, வாடகை வீடு, நீதிமன்றம், அரசு உதவித்தொகை போன்ற இடங்களை ஒட்டித்தான் உரையாடல் இருக்கும். ஒரு மாதம் தமிழ்ச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் பழகிவிடும். ஒரு துண்டு காதில் சரியாக விழவில்லையென்றால், உரையாடலுக்கு ஒரு முறை மார்க் குறையாமல் திரும்பக் கேட்கலாம்.

கணக்குப் போடுவோம்

31 வயது, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒன்பது வருட வேலை, கல்யாணம் ஆனவர் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30. டிகிரிக்கு 15. ஏ.சி.எஸ். கழித்தது போக ஏழு வருட வெளிநாட்டு அனுபவத்துக்கு 10. இங்கிலீஷ் 7 என்றால் 10. மனைவி நான்கு பிரிவிலும் 6 வாங்கினால் 5. மொத்தம் 70. சி.சி.எல். தேறினால் 75. இங்கிலீஷை 8க்கு ஏற்றினால் 85. மனைவியும் பட்டியலில் உள்ள தொழிலில் ஸ்கில் அசெஸ்மென்ட் வாங்கினால் அந்த 5 என்பது 10 ஆகும்; இதோ 90. மாநிலம் நாமினேட் செய்தால் 190க்கு 5, 491க்கு 15 கூடும். தனி ஆள் என்றால் துணைக்கான 10 தானாகவே கிடைத்துவிடும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கும் ஒரே சலுகை இதுதான்!

விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 போதும் என்று எழுதியிருக்கும். அது நுழைவுச் சீட்டு மாதிரி, உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சமீப வருடங்களில் 189இல் கணினித் துறைக்கு அழைப்பு வந்த மதிப்பெண் 90, 95 என்று போயிருக்கிறது. நர்ஸ், ஆசிரியர், கட்டுமானத் தொழில்கள் ஆகியவற்றுக்கு அவ்வளவு தேவைப்படாது. 2025-26க்கு மொத்த நிரந்தரக் குடியேற்ற இடங்கள் 1,85,000. அதில் திறன் பிரிவுக்கு 1,32,200. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் குடும்பத்தினரும் இந்த எண்ணிக்கைக்குள்தான் வருகிறார்கள்.

வயதை மறக்காதீர்கள். 33வது பிறந்தநாளில் 5 பாயின்ட் போய்விடும், 40இல் இன்னும் 10. பிறந்தநாளைத் தேதி போட்டு எழுதிவைத்து, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

இ.ஓ.ஐ. போட்டுவிட்டுக் காத்திருப்பது

அசெஸ்மென்ட்டும் இங்கிலீஷும் கையில் வந்ததும் ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் தளத்தில் இ.ஓ.ஐ., அதாவது விருப்பப் பதிவு, போடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, ஆவணம் எதுவும் ஏற்ற வேண்டாம், இரண்டு வருடம் செல்லும். கட்டணம் இல்லை என்பதால் அலட்சியமாக நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் இங்கே நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாயின்ட்டையும் பின்னால் நிரூபித்தாக வேண்டும். ஒரு பாயின்ட் கூடுதலாகக் கேட்டு அழைப்பு வாங்கி, பணம் கட்டிய பிறகு மாட்டிக்கொள்வதுதான் மிக அதிகமாக நடக்கும் விபத்து. இப்போது பார்க்கும் வேலைக்கு முடிவுத் தேதியைக் காலியாக விட்டால், வருடம் ஏற ஏற பாயின்ட்டும் தானாக ஏறும். நடுவில் வேலையை விட்டாலோ வேறு வகை வேலைக்கு மாறினாலோ அந்தத் தேதியைப் போட மறக்காதீர்கள். இரண்டு முறை அழைப்பு வந்தும் விண்ணப்பிக்காவிட்டால் இ.ஓ.ஐ. நீக்கப்படும்.

மாநிலங்களுக்குத் தனித்தனி விதிகள். விக்டோரியா தன் தளத்தில் தனியாக விருப்பம் பதிவு செய்யச் சொல்லும். சில மாநிலங்கள் ஏற்கெனவே அங்கே வசிப்பவர்களுக்கு முதலிடம் கொடுக்கும். புது ஒதுக்கீடு ஜூலையில் தொடங்கும் நிதியாண்டை ஒட்டி வரும். அந்தச் சமயத்தில் மாநிலத் தளங்களை வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நேரான படிப்பு, நேரான வேலை, சிக்கலில்லாத குடும்பம் என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். முன்பு ஏதாவது விசா நிராகரிக்கப்பட்டிருந்தால், பெரிய உடல்நலப் பிரச்சினை இருந்தால், விவாகரத்து, குழந்தையின் பொறுப்பு போன்றவை இருந்தால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளுக்கு, ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஓமாராவின் பதிவு எண் உண்டு; அந்த எண்ணைக் கேட்டு, ஓமாரா தளத்தில் அவர் பெயரோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குபவர், ‘வேலையோடு பி.ஆர். கேரண்டி’ என்பவர், விசா விண்ணப்பம் போடும் இணையக் கணக்கான உங்கள் இமிஅக்கவுன்ட்டின் பாஸ்வேர்டைத் தர மறுப்பவர் மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்: கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அழைப்பு வந்துவிட்டது, இனி 60 நாள்

அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். 2025 ஜூலையில் நிர்ணயித்தபடி முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர், துணைக்கு 2,455, 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 1,230. மூன்று பேர் குடும்பத்துக்கு 8,595 டாலர். பொதுவாக ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் இது ஏறும். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கார்டில் கட்ட வேண்டியிருப்பதால், கார்டில் லிமிட் இருக்கிறதா, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ஆன் செய்திருக்கிறீர்களா என்று முந்தின வாரமே பாருங்கள். கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஓ.டி.பி.க்குக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. இன்னொருவருக்கு வேண்டாம்.

மனைவிக்கு அடிப்படை ஆங்கிலம் தெரியும் என்று காட்டாவிட்டால் முதன்மைக் கட்டணம் அளவுக்கே இன்னொரு தொகை கேட்பார்கள். அவர் ஆங்கில வழியில் டிகிரி படித்தவர் என்றால், ‘பயிற்று மொழி ஆங்கிலம்’ என்று காலேஜில் ஒரு கடிதம் வாங்கினாலே வேலை முடிந்தது. பல லட்சத்தை மிச்சப்படுத்தும் ஒற்றைத் தாள் அது.

போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா மூலமாக. இப்போதைய முகவரியும் பாஸ்போர்ட் முகவரியும் வேறு என்றால் கொஞ்சம் இழுக்கும். கடந்த பத்து வருடத்தில் சிங்கப்பூரிலோ துபாயிலோ மொத்தமாகப் பன்னிரண்டு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டிலிருந்தும் வாங்க வேண்டும். மெடிக்கலை அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும்தான் எடுக்க முடியும். இமிஅக்கவுன்ட் தரும் ஹெச்.ஏ.பி. என்ற மெடிக்கல் அடையாள எண்ணைச் சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தால் மார்பு எக்ஸ்ரே பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போகலாம், மொத்த விண்ணப்பமும் அதற்காகக் காத்திருக்கும். முடிவு வருவதற்கு முன் குழந்தை பிறந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா? 2016 நவம்பரிலிருந்து முடியாது. துணையும் பிள்ளைகளும் மட்டும்தான். பெற்றோருக்கு விசிட்டர் விசா போடலாம். பெற்றோருக்கான நிரந்தர விசாவுக்கு வரிசையும் செலவும் பெரிது. இதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் இ.ஓ.ஐ. போடும் முன்பு, டிக்கெட் எடுத்த பிறகு அல்ல.

ஆவணங்களைக் கலரில் ஸ்கேன் செய்தால் அட்டஸ்டேஷன் தேவையில்லை. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ‘ஸ்கேன் 0023’ என்று விடாமல் எந்தக் கம்பெனி, எந்த வருடம், என்ன காகிதம் என்று எழுதுங்கள்.

விசா வந்தால் மெயிலில் ஒரு கடிதம், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். அந்தக் கடிதத்தில் முதலில் நுழைய வேண்டிய கடைசித் தேதி இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. பிரிண்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரில் கேட்டால் காட்டலாம். இதற்கிடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், புது எண்ணை இமிஅக்கவுன்டில் மாற்றி, விசா விவரத்தைச் சரிபார்க்கும் வீவோ தளத்தில் விசா அந்த எண்ணோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.